பூ ஏற்றும் வேகன்: டீசலா, பெட்ரோலா?

பீடோர் பூக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோர் பட்டணத்தில் பூக்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. சுற்றுவட்டாரத்தில் பதினொரு தோட்டத்துக் கோயில்களுக்கு நாங்கள்தான் மாலை கட்டித் தருகிறோம். கல்யாணம், காதுகுத்து, காரியம் எல்லாம் தனிக்கணக்கு. நான் கேட்க வந்தது காடி பற்றி.

இப்போது ஓட்டுவது நிசான் ஏடி ரிசோர்ட் வேகன், 1.6 பெட்ரோல், அப்பா வாங்கியது. என்ஜின் இன்னும் ஓடுகிறது. தரைதான் போய்விட்டது. பூவுக்குத் தண்ணீர் தெளித்துத்தான் ஏற்றுவோம். இத்தனை வருடமாகச் சொட்டிய தண்ணீர் பின்பக்கத் தகட்டை அரித்து, பாயைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. மூன்று முறை வெல்டிங் வைத்தாயிற்று. இனி வெல்டிங் பிடிக்க நல்ல தகடே இல்லை என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார்.

ஹைலக்ஸ் பிக்கப் வாங்கு, தோட்டத்து ரோட்டுக்கு அதுதான் சரி என்று பலர் சொல்கிறார்கள். பூ ஏற்றுகிறவர்களுக்குத்தான் அதிலுள்ள சிரமம் தெரியும். திறந்த வண்டியில் சாமந்தி காற்றடித்தே வதங்கும், மூடி போட்டால் உள்ளே வெந்துபோகும். மாலை மடங்காமல் நீளமாகப் படுக்க வேண்டும், ஏர்கோன் காற்று அதுவரைக்கும் போக வேண்டும், என் உயரத்துக்குக் குனிந்து எடுக்கவும் முடிய வேண்டும். எனக்கு வேகன் மாதிரி தாழ்ந்த, நீண்ட காடிதான் சரி.

ஈப்போவில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஐரோப்பிய வேகன், 2.0 டீசல், 2014ஆம் ஆண்டு. இன்னொன்று டொயோட்டா விஷ் 1.8 பெட்ரோல், 2010, ரீகோன், அதாவது ஜப்பானில் ஓடி இங்கே இறக்குமதியான பழைய காடி. விலை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பார்க்க டீசல்தான் அழகு. கதவைச் சாத்தினால் சத்தமே வேறு. பின்பக்கம் என் பூக்கூடை எட்டு வரிசையாக நிற்கும்.

என் ஓட்டம் இப்படி. செவ்வாயும் வெள்ளியும் விடிவதற்கு முன்பே தாப்பா வழியாகக் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட் ஏறிப் பூ எடுத்துக்கொண்டு இறங்குவேன். போக வர ஏறக்குறைய 120 கிலோமீட்டர். மற்றபடி தினமும் தோட்டத்துக்குத் தோட்டம் சின்னச் சின்ன ஓட்டம், நாளைக்கு 40 கிலோமீட்டர் வரும். மாதம் மொத்தம் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு, 2025 கடைசி விலைப்படி: விஷ் லிட்டருக்கு 11 ஓடினால் மாதம் 182 லிட்டர். மைகாட் அடையாள அட்டையைக் காட்டிச் சலுகை விலையில் 95 பெட்ரோல் ஊற்றினால் லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 காசு, ஆக 362 வெள்ளி. டீசல் லிட்டருக்கு 15 ஓடினால் 133 லிட்டர், விலை 3 வெள்ளி என்று வைத்தால் 400 வெள்ளி. இதுவரை பெட்ரோல்தான் மலிவு. ஆனால் சொந்தப் பெயரில் டீசல் காடி வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கம் மாதம் 200 வெள்ளி தருகிறதே, எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து வருட வருமானம் 100,000 வெள்ளிக்குள்தான் என்பதால் எனக்கும் கிடைக்கும் என்கிறான். அப்படியானால் டீசலுக்கு மாதம் 200 வெள்ளிதான். வருடத்துக்கு 1,900 வெள்ளிக்கு மேல் மிச்சம்.

கணக்கில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை அபிஷேகத்துக்கு முன்னால் மாலை வரவில்லை என்றால் பூசாரி என்னைத்தான் பார்ப்பார், காடியைப் பார்க்க மாட்டார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிலிம் ரிவர் சமையல்:

அக்கா, யோசிக்கவே வேண்டாம், டீசல் எடுங்கள். நான் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். ஹையேஸ் டீசல் வேன், 380,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது, என்ஜினைத் திறந்ததே இல்லை. அண்டா, அடுப்பு, கேஸ் தோம்பு, ஆள் ஐந்து பேர் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிள்ளான் வரைக்கும் போவேன். ஹைவேயில் ஏறினால் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் ஓடும். பெட்ரோல் வண்டியில் அதே சுமையை ஏற்றிப் பார்த்திருக்கிறேன், ஏற்றத்தில் கத்தும், எண்ணெயைக் குடிக்கும்.

2024 ஜூன் 10 அன்று டீசல் 2.15லிருந்து 3.35 ஆனபோது எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. அந்த மாதம் இரண்டு கல்யாணத்துக்குப் பழைய விலையில் பேசி முன்பணம் வாங்கியிருந்தேன். அப்படியிருந்தும் வண்டியை மாற்றவில்லை. சுமைக்கு டீசல்தான்.

நீங்கள் வாரம் இரண்டு முறை கேமரன் மலை ஏறுகிறீர்கள். தாப்பா ரோடு எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டீசல் அந்த வளைவுகளில் இரண்டாவது கியரில் சும்மா இழுத்துக்கொண்டு போகும்.

முன்னாள் ஃபோமன், சுங்காய்:

தங்கச்சி, நான் தோட்டத்துப் பட்டறையில் 31 வருடம் இருந்தவன். டிராக்டர், லோரி, ஜெனரேட்டர் என்று டீசலிலேயே கை கறுத்தவன். டீசல் என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சமையல் தம்பி சொன்னது அத்தனையும் உண்மை, அவருடைய ஓட்டத்துக்கு. மூன்று மணி நேரம், நிறுத்தாமல், முழுச் சுமை. டீசல் என்ஜினுக்கு அது விருந்து. எங்கள் டிராக்டர்களும் அப்படித்தான். காலையில் செம்பனைக் குலை ஏற்ற இறங்கினால் சாயங்காலம்தான் நிற்கும். அவற்றில் என்ஜின் கோளாறு என்று வந்தது குறைவு. என் பட்டறைக்கு அடிக்கடி வந்தது மேனேஜர் வீட்டு டீசல் ஜீப்தான். வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து கிளப், கிளப்பிலிருந்து வீடு. ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டர்.

காரணம் சூடு. பெட்ரோல் என்ஜினில் பிளக் நெருப்புப் பொறி வைக்கிறது. டீசலில் பொறி கிடையாது. காற்றை 16 மடங்கு, 17 மடங்கு என்று நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. பெட்ரோலில் அந்த நசுக்கல் பத்து, பதினொரு மடங்குதான். அதனால்தான் டீசலில் ஒரு லிட்டருக்கு அதிகத் தூரம் கிடைக்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் டீசலில் சக்தியும் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். இதெல்லாம் டீசலின் நல்ல பக்கம். ஆனால் அது சிக்கனமாக எரிவதாலேயே மெதுவாகத்தான் சூடேறும். சூடேறாத டீசல் கரி தள்ளும்.

சமையல் தம்பியின் ஹையேஸ் அந்தக் கரியை வெளியே ஊதிவிடும். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற 2014 ஐரோப்பிய வேகன் ஊதாது. அதன் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கும். கரியை எல்லாம் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் பால்மரத் தோட்டங்களில் ரப்பர் ஷீட் காயவைக்கப் புகைக் கொட்டாய் இருந்ததே, அந்தப் புகைக்குழியில் கரி ஏறினால் ஆள் இறங்கிச் சுரண்டி எடுப்பார்கள். இதில் சுரண்ட ஆள் இல்லை. காடி தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். நல்ல வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் தொடர்ந்து ஓடினால்தான் அந்த வேலை முடியும். கோயில் வாசலில் என்ஜினை ஓடவிட்டு நிற்கும்போது அதில் பாதிச் சூடுகூட வராது.

வராதபோது என்ன ஆகிறது என்று கேளுங்கள். சூட்டைக் கூட்டுவதற்காக என்ஜின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கும். எரிப்பு முடிவதற்குள் நீங்கள் சாவியைத் திருகி நிறுத்திவிட்டால், தெளித்ததில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரோடு வழிந்து என்ஜின் ஆயிலில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும். குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். நம் நாட்டு டீசலில் ஒரு பகுதி செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. நம் தோட்டத்துக் குலைதான் எங்கோ போய் நம் காடிக்கே திரும்பி வருகிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பகுதி எளிதில் ஆவியாகாது. ஆயிலில் இறங்கினால் அங்கேயே தங்கிவிடும்.

இன்னொன்று. டீசலில் கந்தகம் கூடினால் அந்த வடிகட்டிக்குக் கெடுதல். 2021 ஏப்ரலுக்கு அப்புறம்தான் நாடு முழுக்க எல்லா எண்ணெய் நிலையத்திலும் யூரோ 5 தர டீசல் வந்தது, கந்தகம் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு. அதற்கு முன்னால் பெரும்பாலான நிலையங்களில் யூரோ 2எம் என்ற பழைய தரம், அதில் 500 பிபிஎம் வரை. நல்ல டீசல் 2014 முதலே சில இடங்களில் கிடைத்தது, தேடிப் போய் ஊற்ற வேண்டும். அந்த வேகன் முதல் ஏழு வருடம் எந்த எண்ணெய் குடித்தது என்று விற்கிறவருக்குத் தெரியுமா? அவருக்குத் தெரியாவிட்டால் யாருக்கும் தெரியாது.

மலையைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ரிங்லெட் 1,100 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினுக்கு பத்து சதவீதத்துக்கு மேல் பலம் குறையும். டர்போ டீசலுக்கு அந்தக் குறை தெரியாது. ஏறும்போது நன்றாகச் சூடாகி வடிகட்டியும் கொஞ்சம் சுத்தமாகும். அந்த இரண்டு நாளும் டீசலுக்கு நல்ல நாள். ஆனால் போகும்போது காடி காலி. வரும்போது பூ. பூ எத்தனை கிலோ இருக்கும்? இடத்தைத்தான் அடைக்கும், எடை இல்லை. டீசலின் இழுவை உங்களுக்கு எதற்கு? இறங்கும்போது பெட்ரோல் என்ஜின்தான் நன்றாகப் பிடித்து நிறுத்தும். காலை எடுத்தால் அதன் காற்று வாசல் மூடிக்கொண்டு காடியை இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்த வாசல் அப்படி மூடுவதில்லை, கியரைக் குறைத்தாலும் பிடி கொஞ்சம் குறைவுதான்.

நான் முடிவு சொல்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மாதம் 2,000 கிலோமீட்டர் என்பதை விட்டுவிடுங்கள். மூன்று நாள், ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் எத்தனை கிலோமீட்டர் ஓடி நிறுத்துகிறீர்கள், எத்தனை நிமிடம் நின்ற இடத்தில் என்ஜின் ஓடுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

தெலுக் இந்தான் ட்யூஷன் வேன்:

ஃபோமன் ஐயா சொன்னது எனக்கு நடந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. 2016 டீசல் காடி, பழையது வாங்கினேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று ஓட்டம். எட்டாவது மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டறையில் கம்ப்யூட்டர் போட்டு விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் மறுபடி எரிந்தது. நான்காவது முறை காடி வேகமே எடுக்கவில்லை. வடிகட்டி, இன்ஜெக்டர் இரண்டு, டர்போ குழாய் எல்லாம் சேர்த்து 6,800 வெள்ளி. அந்த மாதம் ட்யூஷன் பிள்ளைகளை என் மச்சான் மோட்டாரில் ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விட்டார்.

மாதம் 200 வெள்ளி வந்துகொண்டுதான் இருந்தது. 34 மாதப் பணம் ஒரே நாளில் போனது.

பீடோர் பூக்கடை:

ஐயா, எழுதிவிட்டேன். மகளுடைய பள்ளிக்கூடக் கொப்பியில் கடைசிப் பக்கம்.

திங்கள்: ஒன்பது முறை சாவி போட்டிருக்கிறேன். நீண்ட ஓட்டம் 7 கிலோமீட்டர், குறைந்தது 900 மீட்டர். நின்ற இடத்தில் என்ஜின் ஓடியது மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம். எழுதிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது. மாலையைச் சாமிக்குச் சாத்திவிட்டு, தட்டில் விபூதி வாங்கிக்கொண்டு, பூசாரியோடு அடுத்த விசேஷம் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வருவதற்குள் இருபது நிமிடம் போய்விடுகிறது. மீதிப் பூ வாடக்கூடாது என்று ஏர்கோனைப் போட்டே வைத்திருக்கிறேன்.

செவ்வாய்: ரிங்லெட் ஏற ஒன்றரை மணி நேரம் நிறுத்தவே இல்லை. பூ ஏற்றும்போது அரை மணி நேரம் என்ஜின் ஓடியது. இறங்கும்போது லாத்தா இஸ்கந்தார் அருவிப் பக்கம் லோரி ஒன்று நின்று பத்து நிமிடம் காத்திருந்தேன். பீடோர் வந்த பிறகு ஆறு சின்ன ஓட்டம்.

புதன்: பதினொரு முறை. கார்த்திகை மாதம், ஐயப்பன் பூசை இரண்டு வீட்டில். நின்றபடி ஓடியது இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

முன்னாள் ஃபோமன், சுங்காய்:

இனி யோசனை எதற்கு? பெட்ரோல் எடுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் காலை மட்டும் டீசலுக்கு ஏற்ற ஓட்டம். மற்ற நேரமெல்லாம் அதை மூச்சுமுட்ட வைப்பீர்கள். புது டீசலாக இருந்தால்கூட நான் தயங்குவேன். பதினொரு வருடம் ஓடியது, எப்படி ஓடியது என்று தெரியாதது.

அந்த விஷ் 2010 என்றால் இரண்டாவது தலைமுறை. அதன் என்ஜினில் டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலி. பெட்ரோலை வால்வுக்கு முன்னாலேயே தெளிப்பதால் வால்வில் கரி படிகிற தொல்லை குறைவு. அதில் பார்க்க வேண்டியது கியர்பெட்டி. அது சிவிடி, பல்சக்கர கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற ஓட்டோ பெட்டி. மலை ஏற்றத்தில் சூடாகும். ஆயில் மாற்றிய கணக்கு கேளுங்கள், இல்லை என்றால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள், அதற்குரிய ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஏறும்போது சும்மா டி-யில் விட்டு மிதிக்காமல், கையால் கியரைக் குறைத்து வையுங்கள். இறங்கும்போதும் அப்படியே.

பெட்ரோலுக்கும் சின்ன ஓட்டம் நல்லதில்லை, அதையும் சொல்கிறேன். ஆயிலில் ஈரம் சேரும். புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் நீங்கள் 7,000லேயே மாற்றுங்கள். நின்ற இடத்தில் ஏர்கோனோடு ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். மகன் போட்ட கணக்கில் இது இல்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் வேகன் மீது இன்னும் ஆசை இருந்தால் போய்ப் பாருங்கள். ஆயில் குச்சியை நீங்களே உருவி, மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். புகைக்குழாய் நுனியில் விரலை வைத்துத் தடவுங்கள். வடிகட்டி நல்லபடி இருந்தால் விரலில் கரி ஒட்டாது. கன்னங்கரேல் என்று ஒட்டினால், யாரோ அதன் குடலை உருவிவிட்டு வெறும் டப்பாவை மாட்டியிருக்கிறார்கள்.

ரிங்லெட் தோட்டக்காரர்:

காடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பூவைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்தேன். அக்கா, பூ ஏற்றும்போது அரை மணி நேரம் என்ஜின் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்கள். பின்கதவு திறந்திருந்ததா?

என்ஜின் புகையில் எத்திலீன் வாயு இருக்கும். வாழைத்தாரைப் பழுக்க வைக்கிற அதே வாயு. பூவையும் முதுமையாக்கிவிடும். கார்னேஷன்தான் முதலில் சுருங்கும், சாமந்திப் பூ கொஞ்சம் தாங்கும், ஆனால் இலை மஞ்சளாகும். டீசலோ பெட்ரோலோ, புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கதவைத் திறந்து வைத்து ஏற்றினால் பூவுக்கு நீங்களே வயதைக் கூட்டுகிறீர்கள். எங்கள் தோட்டத்தில் லோரி வந்தால் முதலில் என்ஜினை நிறுத்தச் சொல்வோம்.

ஏர்கோனுக்காக ஓடவிடுவதைவிட, பூவை மலையிலேயே குளிரவைத்து எடுத்துப் போங்கள். வெட்டியதும் இரண்டு மூன்று மணி நேரம் குளிர் அறையில் நின்ற பூவை, மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி தடித்த பெட்டியில் அடுக்கி, ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வையுங்கள். பூ மீது ஐஸ் நேராகப் படக்கூடாது. மதியம்வரை தாராளமாக நிற்கும்.

பீடோர் பூக்கடை:

எல்லாருக்கும் ஒரே பதிலாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஈப்போ போனேன். டீசல் வேகனைத்தான் முதலில் பார்த்தேன், ஆசை விடவில்லை. ஆயில் குச்சியை உருவியபோது விற்பவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே இருந்தது. முகர்ந்தேன். என் மூக்கு பூவுக்குப் பழகிய மூக்கு, அந்த வாடை தப்பவில்லை. புகைக்குழாயைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

விஷ் விற்பவர் நல்ல மனிதர். மலை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். சிம்பாங் பூலாய் பக்கம் போய் மேலே ஏறுகிற ரோட்டில் இருபது நிமிடம் ஓட்டவிட்டார், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஐயா சொன்னபடி கையால் கியரைக் குறைத்து ஏறினேன். வேகம் ஒன்றும் இல்லை, ஆனால் சத்தமோ நடுக்கமோ இல்லாமல் ஏறியது. இறங்கும்போது பிரேக்கை நான் தொட்டது வளைவுகளில் மட்டும்தான். கியர்பெட்டி ஆயில் மாற்றியதற்குச் சீட்டு இல்லை. மாற்றித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். 500 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பூக்கூடை எட்டு நிற்காது. நடு சீட்டைச் சாய்த்தால் ஆறுதான். அது மனதுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தைப்பூசத்துக்கு இரண்டு நடை போக வேண்டி வரும்.

வெள்ளிக்கிழமை மலைக்குப் போனபோது ரிங்லெட் தம்பி சொன்னபடி செய்தேன். பழைய காடியில்தான். ஏற்றும்போது என்ஜினை நிறுத்தினேன். கீழே வந்து ஐந்து கோயிலிலும் நிறுத்தினேன். பெட்டி ஒன்றை மீன் கடையில் இரவல் வாங்கி ஐஸ் பாட்டில் ஆறு வைத்தேன். கடைசிக் கோயிலில் பதினொன்றரை மணிக்கு மாலையை எடுத்தபோது சாமந்தி விறைப்பாகவே இருந்தது. பூசாரி இன்றைக்குத்தான் வெட்டியதா என்று கேட்டார். முந்தின நாள் வெட்டியது.

சமையல் தம்பி, கோபம் வேண்டாம். உங்கள் சுமை எனக்கு இருந்திருந்தால் டீசல்தான் எடுத்திருப்பேன். ஜனவரியில் உங்கள் கல்யாண ஆர்டருக்கு மாலை எங்களிடம் சொன்னால் வாழைக்கன்றும் சேர்த்து எடுத்து வருகிறேன், அது நீளத்துக்குப் படுக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை பெயர் மாற்றம். காடி வந்த அன்றே பட்டறையில் விட்டு, பின்பக்கத் தரைக்குத் தடித்த ரப்பர் பாயை விளிம்பு ஏற்றி வெட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன். ஓரத்தில் ஒரு துளையும் குழாயும் வைத்து, சொட்டுகிற தண்ணீர் தகட்டில் படாமல் நேராக வெளியே போகிற மாதிரி.

முன்னாள் ஃபோமன், சுங்காய்:

குழாயைப் புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கம் இறக்கச் சொல்லுங்கள் தங்கச்சி. சூட்டில் உருகிவிடும்.